குறை தென்படவில்லை

நீல அட்டை போட்ட நோட்டு. டிரைவர் கதவுப் பையில் கிடக்கிறது. பேனாவை ரப்பர் பேண்டால் அதோடு சேர்த்துச் சுற்றி வைத்திருக்கிறேன்.

தேதி, மணி, ஓடிய கிலோமீட்டர், இடம், வேகம், வண்டிக்குள் யார் யார். ஒவ்வொரு தடவையும் இந்த ஆறு.

வங்கியில் இருபது வருஷம். எழுதி வைக்காதது நடக்கவே இல்லை என்பது அங்கே படித்த பாடம்.

18,204 கி.மீ. காலை 7.40. திண்டிவனம் கடந்து, கூட்டேரிப்பட்டு தாண்டி, விக்கிரவாண்டி டோலுக்கு முன்னால். வேகம் 86.

முன்னால் வண்டி இல்லை. மாடு இல்லை. ஆள் இல்லை. சாலை நடுவில் அரளிச் செடி, அதன் நிழல்.

கார் தானாக பிரேக் அடித்தது.

மீட்டரில் சிவப்பாக ஒரு கார் படம் வந்து போனது. பெல்ட் தோளை இறுக்கிப் பிடித்தது. ஒரு நொடி இருக்கும், ஒன்றரை இருக்கும். அப்புறம் விட்டுவிட்டது. என் கால் ஆக்ஸிலரேட்டர் மேல்தான் இருந்தது.

பின்னால் வந்த ஆம்னி பஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இடது பக்கம் ஒடித்து, எங்களை உரசுவது மாதிரி போனது. டிரைவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அவரைப் பொறுத்தவரை பிரேக் அடித்தது நான்.

பின் சீட்டில் அத்தை. மடியில் டிபன் கேரியர். மேல் அடுக்கில் இட்லி, கீழ் அடுக்கில் சாம்பார். கொக்கி தெறித்துவிட்டது.

சூடு ஆறியிருந்தது. அது ஒன்றுதான் நல்லது.

பாப்பா அழவில்லை. "அம்மா, ஏன் பிரேக் போட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

நான் போடலைடா என்றேன். பிறகு யார் போட்டது என்று கேட்டாள்.

சீட் கவரைத் துவைத்தாகிவிட்டது. பெல்ட் பட்டையில் மஞ்சள் கறை போகவில்லை. உள்ளங்கை அகலம். பெல்ட்டை இழுத்தால் வெளியே வரும், விட்டால் உள்ளே போய்விடும். மூன்று வாரம் கழித்து, பெல்ட் நாக்கு நுழைகிற பொந்துக்குள் ஒரு துவரம்பருப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. ஊக்கால் நெம்பி எடுத்தேன்.

80 தாண்டினால் விட்டு விட்டு பீப். 120 தாண்டினால் விடாமல் பீப். 2019 ஜூலை 1க்குப் பிறகு தயாரான எல்லாக் கார்களிலும் சட்டப்படி இது உண்டு. 86-ல் போகும்போது வண்டி ஏற்கெனவே கத்திக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சத்தம் எங்கள் காதில் விழுவதே இல்லை. எப்போது பழகிப்போனது என்று தெரியவில்லை.

நடுக் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா. முன்பக்கம் கம்பெனி சின்னத்துக்குப் பின்னால் ரேடார். ஓட்டுபவருக்கு உதவும் இந்த ஏற்பாட்டை அடாஸ் என்கிறார்கள். அந்த வேரியன்ட்டுக்கு ஒன்றரை லட்சம் கூட. அத்தையும் பாப்பாவும் வருகிற வண்டி, அதனால் போடலாம் என்று நான்தான் சொன்னேன்.

"சார் வரலையா மேடம்?"

சர்வீஸ் சென்டரில் முதல் கேள்வி அதுதான். வண்டி என் பேரில். லோன் என் பேரில். ஓட்டுவது நான். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

"சார் நம்பர் குடுங்க மேடம், டெக்னிக்கல் டீம் பேசுவாங்க."

கொடுத்தேன். சாயங்காலம் அவருக்கு போன். "ஓட்டுறது அவங்கதான், அவங்ககிட்டயே பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அன்றைக்கு யாரும் போன் செய்யவில்லை.

ஜாப் கார்டில் 'கஸ்டமர் வாய்ஸ்' என்று ஒரு கட்டம். வாடிக்கையாளர் சொன்னதை அப்படியே எழுதவேண்டிய இடம்.

நான் சொன்னது: முன்னால் எதுவும் இல்லாதபோது கார் தானாக பிரேக் அடித்தது.

கட்டத்தில் இருந்தது: பிரேக் செக்.

"லிஸ்ட்ல இதுதான் மேடம் கிட்டக்க வருது." சர்வீஸ் அட்வைசர் தம்பி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். பிரேக் சத்தம், பிரேக் பெடல் கடினம், பிரேக் பிடிக்கவில்லை, பிரேக் செக். கேட்காமலே பிடிக்கிறது என்று ஒரு வரி அந்த லிஸ்டில் இல்லை.

பேட் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார்கள். பில்லில் 650 ரூபாய். கடைசி வரி: கன்சர்ன் நாட் அப்சர்வ்டு, வெஹிக்கிள் ஓகே.

குறை தென்படவில்லை. தமிழில் எழுதிப் பார்த்தேன். யார் கண்ணுக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

மறுநாள் ஃபீட்பேக் போன். "பத்துக்கு எத்தனை மார்க் மேடம்?" அதற்கு முன்னாலேயே அட்வைசர் தம்பி தனியாகக் கூப்பிட்டிருந்தான். "பத்து குடுத்துடுங்க மேடம். ஒன்பது குடுத்தாக்கூட எங்க இன்சென்டிவ்ல கை வைப்பாங்க." கள்ளக்குறிச்சிப் பையன். ஊரில் அப்பாவுக்கு டயாலிசிஸ் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான்.

பத்து கொடுத்தேன்.

இரண்டாவது தடவை காட்டியபோது அவனே உட்கார்ந்து வந்தான். வண்டலூரிலிருந்து ஒரகடம் பக்கம். 60, 70, 80. லாரி, ஷேர் ஆட்டோ, எருமை எல்லாம் வந்தது. கார் ஒரு தப்பும் செய்யவில்லை. டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் விட்ட குழந்தை மாதிரி.

ஒரகடத்தில் மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. அந்தப் பக்கம்தான் திரும்பி வந்தோம். மதில் நீளமாகப் போகிறது.

கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபர் 1-லிருந்து நடப்பில் இருக்கிறது. கட்டாயமில்லை, கம்பெனி விரும்பினால். 64 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் ஒரு ஓரமாக மோதவிடுகிறார்கள். பக்கவாட்டில் 50. கம்பத்தில் 29. மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கு நட்சத்திரம்.

மோதுவது புது வண்டி. ஷோரூமிலிருந்து வருகிற மாதிரி.

"மேடம், ஆயுத பூஜைக்கு லோகோ மேல சந்தனம் வெச்சீங்களா?" என்று அட்வைசர் தம்பி கேட்டான்.

வைத்தோம். அத்தைதான் வைத்தாள். சந்தனம், குங்குமம், மேலே சாமந்தி மாலை. ரேடார் அதற்குப் பின்னால்தான் என்று விற்கும்போது யாரும் சொல்லவில்லை. வண்டியை எடுத்த அன்றைக்கு ஷோரூம்காரர்களே அதே இடத்தில் மாலை போட்டுத்தான் சாவி கொடுத்தார்கள். போட்டோ இருக்கிறது.

கூட்டேரிப்பட்டில் நடந்தது ஜூன் மாதம். ஆயுத பூஜை அக்டோபர்.

அத்தைக்கு இதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. "நான் வெச்ச பொட்டாலயாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

இல்லை அத்தை. இல்லவே இல்லை.

21,977 கி.மீ. பெருங்களத்தூர் மேம்பாலம் இறங்கும்போது. காலை 8.25. வேகம் 52. பக்கத்து லேனில் இரும்பு ஷட்டர் ஏற்றிய மினி லாரி. வண்டிக்குள் நான் மட்டும்.

மறுபடியும்.

இந்தத் தடவை பின்னால் பைக். முன்னால் டேங்க் மேல் யூனிஃபார்ம் போட்ட பையன், இரண்டாவதோ மூன்றாவதோ படிப்பான். அப்பா காலை ஊன்றி, வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டார். முன்சக்கரம் என் பம்பரைத் தொட்டது. தொட்டது மட்டும்.

ஜன்னல் பக்கம் வந்தார். கத்தவில்லை. கை நடுங்கியது. "என்னக்கா இப்படி பிரேக் போடுறீங்க? புள்ள இருக்கான்ல?"

மன்னிச்சுக்குங்க தம்பி என்றேன்.

கார் தானாக அடித்தது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் எப்படி இருந்திருக்கும்.

பையனின் வாட்டர் பாட்டில் உருண்டு மீடியன் ஓரம் போய்விட்டது. பச்சை. நான் இறங்கிப் போய் எடுத்துக் கொடுத்தேன்.

பம்பரில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. டயர் ரப்பர். வாட்டர் வாஷில் "மேடம், பாலிஷ் போட்டா போயிடும்" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எஃப்.ஐ.ஆர். வாசகம் ஒன்று உண்டு. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி. எந்த ஊர் ஸ்டேஷனிலும் அதே வரி. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 279. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சம்ஹிதை 281. எண்தான் மாறியிருக்கிறது, ஓட்டியவர் மாறவில்லை.

2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அரசு அறிக்கையில் காரணங்களில் முதலாவது அதிவேகம், இறப்புகளில் 71.2 சதவீதம்.

அந்தப் பைக் கீழே விழுந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று இரவு முழுக்க யோசித்தேன். 52-ல் அதிவேகம் வராது. அஜாக்கிரதை வரும்.

ஹோண்டா சிஆர்-வி. அமெரிக்காவில் குடும்பங்கள் வாங்குகிற எஸ்யூவி. எதுவும் இல்லாத இடத்தில் தானாக பிரேக் அடிக்கிறது என்று அங்கேயும் புகார். சிஆர்-வி, அக்கார்டு இரண்டும் சேர்த்து 2022 பிப்ரவரியில் அந்நாட்டு சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணை தொடங்கியது. அதற்கு முன்னால் 2019-ல் நிஸான் ரோக் மீது, சுமார் ஐந்தரை லட்சம் வண்டிகள்.

ஹோண்டா விசாரணை தொடங்கியபோது கையில் இருந்த புகார்கள் 278. வண்டிகள் சுமார் 17 லட்சம்.

குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும் ரீகாலுக்கு நம் ஊரில் மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ. 2019 திருத்தத்தில் வந்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1-லிருந்து நடப்பில். அதற்கு முன்னால் 2012-லிருந்து கம்பெனிகள் தங்களுக்குள் வைத்திருந்த ஏற்பாடுதான், தாமாக முன்வந்து ரீகால் செய்வது.

இப்போது கட்டாய ரீகாலுக்கு எண்ணிக்கை உண்டு. வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்கிற கார் என்றால் 1,250 புகார். ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டியாக இருக்கவேண்டும். அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை.

1,250. எங்கள் கிளையில் தினம் அத்தனை பேர் வந்து போவார்களா? மாத முதல் வாரம் வரலாம்.

பி பிளாக்கில் இதே வண்டி, வெள்ளை. ரிட்டயர்ட் ஆசிரியர். லிஃப்டில் கேட்டேன். உங்க வண்டி எப்போதாவது தானா பிரேக் அடிக்குதா சார்?

லிஃப்ட் கதவு மூடும் வரை பேசவில்லை. பிறகு மெதுவாக, "ரெண்டு தடவை. மதுராந்தகம் ஏரிக்கரைகிட்ட ஒண்ணு. வெளிய சொல்லாதம்மா. அடுத்த வருஷம் குடுத்துடப்போறேன். பேர் கெட்டா ரீசேல் போயிடும்."

அமைச்சகத்தின் வாகன இணையதளத்தில் உரிமையாளரே புகார் பதியலாமே சார் என்றேன்.

நாலாவது மாடி வந்துவிட்டது.

ஒரு டெலிவரிப் பையன் சொன்னான், டிசயர் காரில் பெல்ட் கத்தாமல் இருக்க ஒரு கிளிப் இருக்கிறதாம். நாக்கு மட்டும் தனியாக. பெல்ட்டுக்குப் பதில் அதைச் செருகிவிட்டால் சத்தம் வராது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளிலிருந்து அதை எடுக்கச் சொன்னது. எடுக்கப்பட்ட விற்பனைப் பதிவுகள் 13,118.

எச்சரிக்கை வேண்டாம் என்று காசு கொடுத்து வாங்கியவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள்.

தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தது 2022 செப்டம்பர் 4, பால்கர் பக்கம் சூர்யா நதிப் பாலத்தில். பின் சீட். பெல்ட் போடவில்லை. அந்த வாரம் முழுக்க எல்லோரும் பின் சீட்டில் பெல்ட் போட்டார்கள். அத்தையும் போட்டாள். அன்றிலிருந்து விடவில்லை. பழைய காரில் தொடங்கிய பழக்கம். கூட்டேரிப்பட்டில் அவள் முன் சீட்டில் போய் முட்டாததற்கு அதுதான் காரணம்.

24,650 கி.மீ. இரவு 9.10. வெளிவட்டச் சாலை. மீட்டர் திரை முழுவதும் கறுப்பு. வேகம் தெரியவில்லை, இண்டிகேட்டர் சத்தம் இல்லை. ஹெட்லைட் எரிந்தது. பாப்பா எண்ணினாள், பதினொன்று வரை. பிறகு கம்பெனி சின்னம் வந்தது, டிவி போடுவது மாதிரி. பிறகு எல்லாம் வந்தது.

பதினொன்றுக்குள் எவ்வளவு தூரம் போயிருப்போம்? 70 என்று வைத்தால் இருநூறு மீட்டருக்கு மேல்.

"சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு மேடம். இனிமே வராது."

கொடுப்பதற்கு முன்னால் செட்டிங்ஸில் போய் வெர்ஷன் நம்பரை எழுதி வைத்திருந்தேன். புள்ளிகளோடு சேர்த்து ஒன்பது இலக்கம். வாங்கிய பிறகும் பார்த்தேன்.

அதே ஒன்பது இலக்கம்.

ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் ஸ்விட்ச் பற்றி எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. சாவிக்கொத்து கனமாக இருந்தால் ஓடும்போதே ஸ்விட்ச் திரும்பி, என்ஜின் நின்று, ஏர்பேக்கும் வேலை செய்யாமல் போனது. 2014-ல் சுமார் 26 லட்சம் வண்டிகள் ரீகால். கம்பெனியின் இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்ட சாவுகள் 124. ஸ்விட்சை நடுவில் சத்தமில்லாமல் சரிசெய்திருந்தார்கள். பாகம் மாறியது. பாக எண்ணை மாற்றவில்லை. அதனால் பல வருஷம் யாருக்கும் பிடிபடவில்லை.

ஸ்விட்சைச் சரிசெய்யும் வரை சாவியோடு வேறு எதையும் மாட்டாதீர்கள் என்று அந்த உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். சாவி மட்டும்.

பல்லாவரத்தில் பழைய மெக்கானிக் அண்ணன். முதல் காரிலிருந்து அவர்தான். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்.

"எரர் கோடு இருக்கும்மா. ஆனா உள்ள போக மாட்டேங்குது. கம்பெனி லாகின் கேக்குது." ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "முன்னெல்லாம் வண்டி பேசுறது எனக்குக் கேக்கும்மா. இது அவங்ககிட்ட மட்டும்தான் பேசுது."

காசு வாங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

டயர் காற்று விளக்கு. ஆரஞ்சு நிறம், குதிரை லாடம் மாதிரி, நடுவில் ஆச்சரியக்குறி. அது எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், அதுவும் குடும்ப எஸ்யூவி. ஓடும்போதே ஃபயர்ஸ்டோன் டயர் உரிந்து வண்டி உருண்டது. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர் ரீகால். அமெரிக்க அரசுக் கணக்கில் 271 சாவு. காற்று 26 போதும் என்றது கார் கம்பெனி, 30 வேண்டும் என்றது டயர் கம்பெனி. அந்த நவம்பரில் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தால்தான் அங்கே எல்லாக் காரிலும் இந்த விளக்கு.

நேற்று குரோம்பேட்டை பங்கில் காற்று அடித்த பையன் கேட்டான், "எவ்ளோ வைக்கட்டும்க்கா?"

கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்துச் சொன்னேன். இதற்கு முன்னால் நான் அதைப் படித்ததே இல்லை.

டகாடா ஏர்பேக். உள்ளே அமோனியம் நைட்ரேட். வெக்கையிலும் ஈரக் காற்றிலும் வருஷக்கணக்கில் கிடந்தால் அது கெட்டு, விரியும்போது இரும்புக் கூட்டையே உடைத்துத் துண்டுகளை வீசும். முதலில் ஃப்ளோரிடா, ஹவாய் மாதிரி ஈரமும் வெயிலுமான இடத்து வண்டிகளைத்தான் கூப்பிட்டார்கள். 2017-ல் கம்பெனியே திவால்.

எங்கள் வண்டி வெயிலில்தான் நிற்கிறது. சென்னை மே மாதம்.  இதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் சேஃப்தான் மேடம்."

கேட்டது சேஃபா என்று இல்லை. என்ன போட்டிருக்கிறீர்கள் என்று.

26,011 கி.மீ. இதையும் எழுதவேண்டும். திரிசூலம் சிக்னல் தாண்டி, மாலை 6.15, வேகம் 38. ஆட்டோவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். கையில் போன். என் கால் நகருவதற்குள் கார் நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றுவிட்டது. பம்பருக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழம்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். பின்னால் ஹாரன்.

அணைத்து வைக்கலாம். திரையில் மூன்று தட்டு. ஆனால் ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் அதுவாகவே திரும்ப வந்துவிடும். தினமும் காலையில் வீட்டு வாசலில் அந்த மூன்று தட்டு. இரண்டாவது தட்டில் விரல் நின்றுவிடுகிறது.

கூட்டேரிப்பட்டா, திரிசூலமா.

பெருங்களத்தூர்ப் பையன், திரிசூலம் பையன். இருவரும் ஒரே வண்டிக்கு முன்னாலும் பின்னாலும்.

உச்ச நீதிமன்றம், 2022 ஏப்ரல் 20. ஹூண்டாய் கிரேட்டா. 2015-ல் வாங்கியது. 2017 நவம்பரில் டெல்லி – பானிபட் சாலையில் விபத்து. ஏர்பேக் விரியவில்லை. போதுமான வேகத்தில், போதுமான விசையில் மோதவில்லை என்றது கம்பெனி தரப்பு. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட வாங்குகிறவர் இயற்பியல் நிபுணராக இருக்கவேண்டியதில்லை என்பது தீர்ப்பின் சாரம். முன்பக்கம் மோதினால் ஏர்பேக் விரியும் என்றுதான் சாதாரணமாக யாரும் நம்பி வாங்குவார்கள். இழப்பீடு மூன்று லட்சம், வண்டியையும் மாற்றித் தரவேண்டும்.

இதை வாசித்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

நுகர்வோர் ஆணையம். 1915-க்கு அடித்தால் வழி சொல்கிறார்கள். குறை தெரியவந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். கொடுத்த விலை 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை என்றால் கட்டணம் ஆயிரம் ரூபாய். பொருளில் குறை இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவேண்டி வந்தால், அதற்கான பணத்தைப் புகார் கொடுத்தவரே முதலில் கட்டச் சொல்லலாம்.

வக்கீல் ஜாப் கார்டுகளைப் புரட்டினார். ஐந்து. ஐந்திலும் அதே கடைசி வரி.

"வேற என்னம்மா இருக்கு?"

பெல்ட் கறை இருக்கிறது. பம்பரில் கோடு இருக்கிறது. நோட்டு இருக்கிறது.

நோட்டை வாங்கிப் பார்த்தார். நடுவில் ஒரு பக்கத்தில் பாப்பா பூனை வரைந்திருந்தாள். "இதைக் கிழிக்காதீங்க. பக்கம் குறைஞ்சா கேள்வி வரும்" என்றார்.

அட்வைசர் தம்பி வேலையை விட்டுவிட்டான். போன வாரம் அவன் சொந்த நம்பரிலிருந்து மெசேஜ். இரண்டே வரி. உங்களை மாதிரி மாசத்துக்கு நாலஞ்சு பேர் வந்தாங்க மேடம். கஸ்டமர் வாய்ஸ்ல எப்படி எழுதணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுதான் எழுதினோம், மன்னிச்சுடுங்க.

அப்பா எப்படி இருக்கார் தம்பி என்று பதில் போட்டேன்.

கம்பெனியிலிருந்து கடிதம். 'சர்வீஸ் கேம்பெய்ன்' என்று இருக்கிறது. வாடிக்கையாளர் அனுபவத்தை மேம்படுத்த முன் கேமரா மென்பொருள் புதுப்பிக்கப்படும், இலவசம். ரீகால் என்ற சொல்லை இரண்டு பக்கத்திலும் தேடினேன்.

போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை வெர்ஷன் நம்பர் மாறியிருந்தது. கடைசி இலக்கம் மட்டும்.

பி பிளாக் சாருக்கும் கடிதம் வந்திருக்கிறது. லிஃப்டில் அவரே சொன்னார். அமைச்சகத்தின் தளத்தில் எப்படிப் பதிவது என்று கேட்டார். ஆர்.சி. எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க சார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். பாஸ்வேர்டு போட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. எங்களுடையது போன மாதமே பதிந்தது.

இரண்டு.

31,388 கி.மீ. ஊருக்குக் கிளம்புகிறோம். அத்தை சாம்பார் எடுத்துக்கொள்ளவில்லை. இட்லிப் பொடி, எண்ணெய் தடவி, வாழை இலையில். மடியில் வைக்கவில்லை, காலுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். பெல்ட்டை இழுத்ததும் அந்த மஞ்சள் கறை வந்தது. கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள்.

ஓட்டும்போது நான் எழுத முடியாது. நோட்டு பாப்பாவிடம்.

அவள் எழுதியிருப்பது, அப்படியே:

பரனூர் டோல் – ஒண்ணும் இல்ல.

மதுராந்தகம் – ஒண்ணும் இல்ல. ஏரியில தண்ணி இருக்கு.

மேல்மருவத்தூர் – நிறைய செவப்பு புடவை. ஒண்ணும் இல்ல.

ஆத்தூர் டோல் – ஒண்ணும் இல்ல.

திண்டிவனம் – அம்மா பேசல. பாட்டை நிறுத்திட்டாங்க.

கூட்டேரிப்பட்டு – 64. அப்பத்தா முன் சீட்டைப் பிடிச்சுக்கிச்சு. பின்னாடி பஸ் எதுவும் வரல, நான் பாத்தேன். கார் ஒண்ணும் பண்ணல.